கண்ணாடிக்குள் இருந்த கடல்

ஒரு வளைகுடாவின் கரையை மூன்று நாடுகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. நாட்டுக்கு ஒரு துறைமுகம்: சங்குமுனை, நாவல்துறை, கொக்குத்தீவு. தண்ணீர் ஒன்றுதான். அது யாரையும் கேட்காமல் மூன்று கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தது. மனிதர்கள்தான் ஒருவர் கரைக்கு ஒருவர் போவதில்லை.

சங்குமுனைத் துறைமுக அலுவலகத்தில் ஒரு கடல் வரைபடம் இருந்தது. எங்கே பாறை, எங்கே சேறு, எத்தனை பாகம் ஆழம், கப்பல் எந்த வழியாக உள்ளே வரவேண்டும், எல்லாம் அதில் உண்டு. ஒரு பாகம் என்றால் ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம். பார்க்க அழகான படம். அதனாலேயே கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். துறைமுகத் திருவிழா வந்தால் அதற்கு மாலை வேறு. மாலை விழுந்த பிறகு யாருக்குத்தான் திருத்தம் பிடிக்கும்? ஆழத்தை மறுபடி அளக்கலாமே என்று எவராவது தொடங்கினால், "சட்டத்தைப் பிரிக்கணுமே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பக்கத்துத் துறைக்காரர்கள் எத்தனை தடவை கேட்டாலும் படம் ஓர் எண்ணைக்கூடச் சொன்னதில்லை. ஆழத்தைச் சொன்னால் கடலையே தூக்கிக் கொடுத்ததாகிவிடுமாம்.

ஓர் ஐப்பசியில் புயல் வந்தது. மூன்று துறையையும் உலுக்கியது. சங்குமுனையைச் சப்பிப் போட்டுவிட்டுப் போனது. கூரைகள் பறந்தன. படகுகள் தெருவுக்கு வந்தன. கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன. புயல் ஓய்ந்த காலையில் குடிதண்ணீரோடு ஒரு கப்பல் தூரத்தில் வந்து நின்றது. கரை முழுக்கக் காலிக் குடங்கள்.

கப்பலை உள்ளே கூட்டி வருவது பைலட் கித்தேரியாளின் வேலை. அவள் படத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"கப்பல் வழியில எவ்வளவு ஆழம்?"

"ஆறு பாகம். கண்ணை மூடிக்கிட்டு வரச் சொல்லு" என்றது படம்.

அவள் வயர்லெஸ்ஸை எடுப்பதற்குள் ஒருவன் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஓடி வந்தான். நாவல்துறைப் படகுக்காரன் நைனா. இருவரும் வயர்லெஸ்ஸில் குரல் மட்டும் பழகியவர்கள். அவன் கையில் கடலாழம் பார்க்கும், கயிறு கட்டிய ஈயக்குண்டு ஒன்று தொங்கியது.

"அக்கா, கப்பலைக் கூப்பிட்டுராதீங்க! வழியெல்லாம் மணல் ஏறிக் கிடக்கு."

"யாரைக் கேட்டு எங்க கடல்ல குண்டு போட்டீங்க?" என்று சீறியது படம்.

"அனுமதி கேட்டு உக்காந்திருந்தா, கப்பல் தரை தட்டின பிறகுதான் வந்திருப்போம்" என்றது ஈயக்குண்டு. "உன் ஆறு பாகத்துல இப்ப இருக்கிறது ரெண்டு. கப்பலுக்கு மூணு வேணும்."

"பொய்!"

"என்னைத் திருப்பிப் பாரு."

குண்டின் அடியில் ஒரு குழி. அதில் சோப்பை அப்பி இறக்கினால் கடலின் தரை ஒட்டிக்கொண்டு வரும். நைனா திருப்பிக் காட்டினான். பளபளவென்று வெள்ளை மணல்.

படத்தின் சத்தம் இறங்கிவிட்டது. "அந்த இடத்துல சேறுன்னுல்ல என்கிட்ட எழுதியிருக்கு" என்று முணுமுணுத்தது.

கித்தேரியாள் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கினாள். "மெல்ல, மெல்ல" என்றது படம். அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நைனாவின் படகில் ஏறினாள்.

முதல் அலையிலேயே படம் அலறியது. "ஐயோ, நனையுறேன்!"

"கடல்னா நனையத்தான் செய்யும்" என்றது குண்டு, அடுத்த முழுக்குக்குத் தயாராகிக்கொண்டே.

குண்டு முங்கி முங்கி எழுந்தது. "ரெண்டு. ரெண்டே கால். ரெண்டு." கித்தேரியாள் படத்தின் மேலேயே பென்சிலால் எழுதினாள். அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது.

படத்துக்குப் பொறுக்கவில்லை. "மேற்கால ஒரு பாறை வரிசை இருக்கு. மணல் நகரும், பாறை நகராது. அதை ஒட்டியே போய்ப் பாருங்க."

பாறையை ஒட்டிப் போனார்கள். "மூணே கால்!" என்று கத்தியது குண்டு. "மூணே கால்! இங்கயும் மூணே கால்!"

"அவசரப்படாத" என்றாள் கித்தேரியாள். "இது ஏற்றத் தண்ணியா, வற்றத் தண்ணியா? எங்க அளவுமரத்தைப் புயல் கொண்டுபோயிட்டுது."

படகின் வயர்லெஸ்ஸில் ஒரு கரகரத்த குரல் வந்தது. கொக்குத்தீவின் அளவுமரம், கடலுக்குள் நின்று நீர்மட்டம் பார்ப்பது. "புயல்ல நான் சாஞ்சிரலை, அம்மா. தண்ணி இப்ப என் கழுத்து வரைக்கும் நிக்குது. உச்சிப் பொழுது தாண்டினா அரைப் பாகம் இறங்கிரும். கூப்பிடுறதுன்னா இப்பவே கூப்பிடுங்க."

கித்தேரியாள் கூப்பிட்டாள். படகு முன்னால் போக, கப்பல் பின்னால் வந்தது. ஓரிடத்தில் அதன் அடியிலிருந்து மணல் கலங்கி மேலே வந்தது. கப்பல் நிற்கவில்லை. கரையில் முதல் குடம் நிறைந்த சத்தம் கேட்டதும் கித்தேரியாள் அழுதாள். அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு.

உடம்பெல்லாம் பென்சில் கிறுக்கலோடு படகில் காய்ந்துகொண்டிருந்த படத்துக்கும் மனம் நிறைந்திருந்தது. குண்டிடம் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டது. "உங்க நாவல்துறையில ஆழமெல்லாம் எப்படி?"

"யாருக்குத் தெரியும்? அங்கயும் மணல் ஏறித்தான் கிடக்கும்" என்றது குண்டு. "உங்களுக்குக் கப்பல் வருதுன்னு கேட்டதும், எங்களுதை அளக்காம முதல்ல இங்க வந்துட்டோம்."

படம் காய்ந்தது போதுமென்று தன்னைச் சுருட்டிக்கொண்டது.

"கித்தேரி, நீ இறங்கிராத" என்றது பிறகு. "நைனா, படகை உங்க துறைக்கு விடு."