மேற்கு எல்லை ஓடுகிறது

கோணங்கிப்பட்டி மொக்கையன், ஒச்சப்பன், தவசி மூவரும் அண்ணன் தம்பிகள். அப்பா விட்டுப்போனதில் மூளையை மட்டும் பங்கு பிரிக்காமல் பொதுவில் வைத்திருந்தார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

கடைக்குட்டி தவசிக்குப் பக்கத்து ஊர் இருளாயி மேல் கொள்ளை ஆசை. அவளுடைய அப்பா சீனிச்சாமியோ, "உங்க பூர்வீகம் எதுன்னு காட்டுங்க, அப்புறம்தான் பொண்ணு" என்று சொல்லிவிட்டார்.

பரணில் கிடந்த பாட்டன் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பத்திர எழுத்தரிடம் கொண்டுபோனார்கள். அவர் படித்துச் சொன்னார்: "வடக்கே துவைகல், கிழக்கே முருங்கை மரம், தெற்கே முள்வேலி, மேற்கே எருமை. இந்த நாலும் எங்க இருக்கோ, அதுக்கு நடுவுல இருக்கறதுதான் உங்க பூர்வீகம்."

ஊரெல்லாம் தேடியும் அந்த நாலில் ஒன்றும் மிச்சமில்லை.

"தொலைஞ்சு போனா புதுசு வாங்கிக்க வேண்டியதுதான்" என்றான் மூத்தவன் மொக்கையன்.

கல்லும் முருங்கைக் கொம்பும் முள்ளும் சும்மாவே கிடைத்தன. சந்தையில் எருமை வாங்கும்போதுதான் சிக்கல்.

"இது மேற்கு எருமைதானான்னு கேளுண்ணே" என்றான் ஒச்சப்பன்.

வியாபாரி மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "சுத்த மேற்கு" என்று சொல்லி, அதற்குத் தகுந்த விலையும் சொன்னார்.

ஊருக்கு வெளியே பொட்டலில் நான்கையும் நாலு திசையில் வைத்தார்கள். தவசி நடுவில் போய் நின்றான். பூர்வீகத்தில் நிற்கிறோம் என்ற நினைப்பில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எருமை, கட்டியிருந்த முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

"ஐயோ, எல்லை ஓடுது! பிடிண்ணே!" என்று அலறினான் தவசி.

"தொடாதடா!" என்று கத்தினான் மொக்கையன். "பத்திரத்துல இருக்கிற எல்லையில கை வைக்க நமக்கு என்ன அதிகாரம்? அவனவன் எல்லையைத் தூக்கிக்கிட்டு கூடவே ஓடி வாங்க!"

ஒச்சப்பன் கல்லைத் தலையில் ஏற்றினான். மொக்கையன் முருங்கையைத் தோளில் போட்டான். தவசி முள்ளை இழுத்தான். எருமை திரும்பும்போதெல்லாம் மூவரும் வளைந்து ஓடி அதற்குக் கிழக்கே போய்ச் சேர வேண்டியிருந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் கொஞ்ச நேரம் இவர்களுடைய பூர்வீகத்துக்குள் இருந்துவிட்டு வெளியே வந்தார்கள்.

கடைசியில் எருமை பக்கத்து ஊருக்குள் புகுந்து, ஒரு வீட்டுக் கழுநீர்த் தொட்டியில் வாயை வைத்து நின்றது. மூவரும் அந்த வீட்டைச் சுற்றி அவரவர் திசையில் எல்லையை இறக்கினார்கள். உள்ளேயிருந்து வந்தவர் சீனிச்சாமி.

"என்னங்கடா இது?"

"எங்க பூர்வீகம் மாமா!" என்றான் தவசி பூரிப்போடு.

மொக்கையன் முகம் மட்டும் மாறியது. "எங்க பூர்வீகத்துக்கு நடுவுல வந்து வீடு கட்டிக் குடியிருக்கீங்க. நீங்க யாரு எவருன்னு தெரியாம உங்க வீட்டுல எப்படி மாமா பொண்ணெடுக்கிறது? முதல்ல உங்க பூர்வீகத்தைக் காட்டுங்க."

சீனிச்சாமிக்கு வியர்த்துவிட்டது. நியாயமான கேள்விதானே? உள்ளே ஓடித் தன் பத்திரத்தை எடுத்து வந்தார். படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க எல்லையைத் தூக்கிட்டு வந்து காட்டிட்டீங்க. எனக்குக் கிழக்கே கிணறுன்னுல்ல போட்டிருக்கு! நான் எப்படிய்யா தூக்குவேன்?"

கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மாமனாரும் மருமகனும் கடப்பாரையோடு கிணற்றைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் பெயர்த்துவிடலாம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. தூக்கிக்கொண்டு ஓடும்போது தண்ணீர் சிந்தாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் இருளாயிக்குக் கவலை.