தங்காயி வளையில் குறைந்துபோன கதிர்

வயல் வரப்பில் தங்காயி என்ற எலி ஒரு வளையில் குடியிருந்தாள். பக்கத்து ஓட்டையில் ஒரு நண்டு இருந்தது.

தங்காயியின் பிள்ளைகள் வளர்ந்து தனித்தனி வரப்புகளுக்குக் குடிபோய்விட்டார்கள். ஆனாலும் சந்தை நாள் சாயங்காலம் அம்மா வளையில்தான் எல்லாருக்கும் சாப்பாடு. அன்று மனிதர்கள் சந்தைக்குப் போய்விடுவதால் வரப்பில் பயமில்லாமல் நடக்கலாம். மூத்தவன் வீரணன் வருவான், எப்போதும் தாமதமாக. இளையவன் சடையன் வருவான். இந்த அறுவடைக்குப் பிறகு அவன் பெண்டாட்டி பொன்னுருவியும் கூட வந்தாள்.

அறுவடையில் சிந்திய கதிர்களைத் தங்காயி பொறுக்கிச் சேர்த்திருந்தாள். அடுத்த பயிர் பால் பிடிக்கப் பன்னிரண்டு வாரம் ஆகும். அதனால் கதிரைப் பன்னிரண்டு குவியலாகப் பிரித்தாள். வாரத்துக்கு ஒரு குவியல்!

"ஆண்டவனே, இது நீ கொடுத்தது. பன்னிரண்டு வாரமும் என் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்" என்று கும்பிட்டாள்.

மூன்று சாப்பாடு நன்றாக நடந்தது. நான்காவது சந்தை நாளன்று பார்த்தால், மீதி ஒன்பது குவியலும் பாதியாக இளைத்திருந்தன!

"என்ன தங்காயி, முகம் வாடிக் கிடக்கு?" என்று கேட்டது நண்டு.

"கதிர் குறைஞ்சுபோச்சு அண்ணே. இப்படியே போனா என் பிள்ளைங்களுக்கு வாராவாரம் என்னத்தைப் போடுவேன்?"

"புதுசா யாரு வந்தாங்கன்னு யோசிச்சுப் பாரு!" என்றது நண்டு. அதற்கு வாய் கொஞ்சம் நீளம்.

அப்போதுதான் வந்த வீரணன் காதில் அது விழுந்தது. அவன் விறுவிறுவென்று உள்ளே போனான். சடையனும் பொன்னுருவியும் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பொன்னுருவி வந்ததிலிருந்துதானே கதிர் குறையுது?" என்று கத்தினான்.

"பெரிய மச்சான், நான் ஒரு நெல்லைக்கூட எடுக்கலை!" பொன்னுருவிக்கு மீசை நடுங்கியது.

சடையன் எழுந்துவிட்டான். "என் பெண்டாட்டியைத் திருடின்னு சொல்ற வீட்டுல எனக்குச் சோறு வேண்டாம்! இனிமே வரமாட்டோம்!"

தங்காயி வழியை மறித்து நின்றாள். "போறதுன்னா போ சாமி. ஆனா அடுத்த சந்தைக்கு ஒரே ஒரு தடவை வா. அம்மாவுக்காக."

சடையன் பொன்னுருவியை அழைத்துக்கொண்டு வெளியேறினான். ஆனாலும் அடுத்த சந்தை நாளில் இரண்டு பேரும் வந்தார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் குவியலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். வழக்கம்போல வீரணனைக் காணோம்.

"அண்ணன் வரட்டும், சேர்ந்தே சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுத் தங்காயி கண்ணை மூடினாள். "ஆண்டவனே, உண்மையைக் காட்டு. ஆனால் யாரையும் தலைகுனிய வைக்காதே."

கறுக்... கறுக்... என்று சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். சடையன் கோபத்தோடு ஒரு கதிர்த்தாளைக் கடித்துக்கொண்டிருந்தான். பொன்னுருவியும் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளே வந்த வீரணன், உட்காரும் முன்பே ஒன்றை உருவி வாயில் வைத்தான். யாரும் நெல்லைத் தின்னவில்லை. நெல்மணிகள் உதிர்ந்து, கீழே விரித்த வைக்கோலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன!

"அட பிள்ளைங்களா!" என்று சொல்லத் தங்காயி வாயெடுத்தாள். சொல் வரவில்லை. அவள் வாயிலும் ஒரு கதிர் இருந்தது!

எலிப்பல் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடிக்காமல் எலியால் சும்மா இருக்க முடியாது. பசியோடு காத்திருக்கும் எலி என்றால் கேட்கவே வேண்டாம்.

தங்காயி வைக்கோலைத் தூக்கி உதறினாள். பொலபொலவென்று நெல் கொட்டியது.

வீரணன் பொன்னுருவி பக்கம் திரும்பினான். "தப்பாப் பேசிட்டேன் தாயி. மனசுல வச்சுக்காதே."

"விடுங்க மச்சான், நானும்தான் கடிச்சேன்" என்று பொன்னுருவி சிரித்தாள். "ஆனா நீங்க நேரத்தோட வந்திருந்தா இவ்வளவு கடிச்சிருக்க மாட்டோம்!"

சடையனும் சிரித்துவிட்டான்.

உதிர்ந்ததில் கொஞ்சம் மண்ணோடு மக்கிப்போயிருந்தது. "இருக்கிற நெல்லு ஆறு வாரத்துக்கு வரும். வேண்டியது எட்டு வாரம்" என்றாள் தங்காயி. "ஒரு வாரம் வீரணன் கோரைக்கிழங்கு தோண்டிட்டு வரட்டும். ஒரு வாரம் சடையன் நத்தை பிடிச்சுட்டு வரட்டும். கதிரெல்லாம் உள் அறைக்குப் போகட்டும். காத்திருக்கும்போது கடிக்க நடுவுல ஒரு பனங்கொட்டை!"

"நத்தையோட நிறுத்திக்குங்க! நண்டு வரைக்கும் வந்துடாதீங்க!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"நீங்க வம்பு பேசாம இருந்தா வரமாட்டோம்!" என்றாள் பொன்னுருவி.

வீரணன் அதன்பிறகு நேரத்தோடு வந்தான். பனங்கொட்டை தேய்ந்தது, கதிர் தேயவில்லை. பன்னிரண்டாவது சந்தை நாளில் கடைசிக் குவியலைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். வெளியே புதுப்பயிர் பால் பிடித்து நின்றது.

"ஆண்டவனே, நீ குறைவாகக் கொடுக்கவே இல்லை" என்று தங்காயி கும்பிட்டாள். "நாங்கள்தான் சிந்திக்கொண்டிருந்தோம்."

குறைந்தது என்று பிறர்மேல் பழிபோடாமல், இருப்பதைச் சிந்தாமல் நன்றியோடு திட்டமிட்டு உண்ணும் குடும்பத்துக்குக் கொஞ்சமும் போதும்.