முப்பது தட்டு வைத்தவர்

“என் சீஸ்ல என்ன குறை? அதை மட்டும் சொல்லுங்க” என்று கேட்டார் தணிகாசலம்.

பிலோமி அடுப்பில் பாலைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“நாலு ஞாயித்துக்கிழமையா ஊரையே சாப்பிடக் கூப்பிட்டு முப்பது தட்டு வைக்கிறேன். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல.”

“ஈ வந்திருக்குமே சார்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தணிகாசலம் சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் தரம் பார்க்கிற அதிகாரியாக இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போனவர். ஐம்பத்தி நாலு வயதில் வீட்டை விற்றுவிட்டுக் கொடைக்கானல் மலையில் ஈட்டிப்பாறைக்கு வந்து இறங்கினார். கையால் சீஸ் செய்ய வேண்டும், ஊரே ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மனுஷனுக்கு வேறு ஆசை கிடையாது.

சீஸ் செய்யக் கற்றுக்கொடுத்தவள் பிலோமி. முப்பத்தாறு வயது. கன்னியாஸ்திரீ மடத்துச் சமையலறையில் பழகிய கை. குரு அவள்தான், ஆனால் சிஷ்யனை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவாள்.

“உங்க வாசல்ல பால் ஊத்த வர்றவங்க நின்னு தின்னுட்டுப் போறாங்க. உங்க சீஸ்ல ஒரு நாள் உப்பு தூக்கல், ஒரு நாள் கம்மி. நான் எல்லாத்தையும் அளந்து போடுறேன். எனக்கும் பால் ஊத்துறாங்க, ஆனா ஒரு துண்டு கூடத் தொட மாட்டேங்குறாங்க. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சும்மாவா சொன்னாங்க?” என்றார் அவர்.

“கொண்டாந்தீங்களா?”

துணியைப் பிரித்தார். நாலு மாதம் பக்குவப்பட்ட சீஸ் வட்டு. பிலோமி விரலால் அழுத்திப் பார்த்தாள், மோந்தாள், ஒரு சீவல் சீவி வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

“குறை இல்ல சார். என்னோடதைவிட நல்லாருக்கு.”

குறை என்று சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருக்கலாம்.

“அப்புறம் ஏன் யாரும் வரல?”

“இந்த ஊர்ல யார் வீட்ல சாப்பிட்டிருக்கீங்க?”

“யாரும் கூப்பிடலையே.”

“வாங்க” என்று அடுப்பை அணைத்தாள். பால் பாதியில் இருக்கும்போது அவள் அடுப்பை அணைத்து அவர் பார்த்ததே இல்லை.

சரிவில் இறங்கி, பீன்ஸ் தோட்டத்தைத் தாண்டி, ஒரு தகர வீட்டு முன்னால் நின்றார்கள். வாசலில் ஒரு பெண் பூண்டு உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“இவங்க எனக்குப் பால் ஊத்துனவங்கதானே?” என்று தணிகாசலம் தணிந்த குரலில் கேட்டார்.

“ஆமா. மூக்கம்மாக்கா.”

“திடீர்னு நின்னுட்டாங்க.”

“ஆமா.” பிலோமி குரலை உயர்த்தினாள். “அக்கா, சாருக்குப் பசிக்குது.”

மூக்கம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“உள்ள வாங்க.”

பாய் விரித்தாள். தட்டில் சோறும் பட்டர் பீன்ஸ் குழம்பும் விழுந்தன. இந்த ஊருக்கு வந்த பிறகு அடுத்தவர் கையால் அவர் சாப்பிடுகிற முதல் சோறு. சந்தோஷமாக இருந்தது. குழம்பு பிரமாதம் என்றார். இரண்டாம் தரம் சோறு வாங்கினார்.

“கொஞ்சம் மோர் இருக்குமாம்மா?”

“இல்லீங்க. மாட்டை வித்துட்டேன்.”

“ஏன்?”

மூக்கம்மா பிலோமியைப் பார்த்தாள். பிலோமி தரையைப் பார்த்தாள்.

“அவரு போனப்புறம் ஒத்தையாப் பாத்துக்க முடியல.”

“அடடா. எப்போ? எனக்கு யாரும் சொல்லலையே.”

“உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க சார். ஐப்பசியில நீங்க எம் பாலைக் கீழ ஊத்துனீங்களே, அதுக்கு நாலாம் நாளு.”

அவருக்கு ஞாபகம் வந்தது. சோதித்தபோது பாலில் ஊசி மருந்து இருந்தது. திருப்பிக் கொடுத்தால் அதுவே வேறு கேனில் மறுபடி வந்துவிடும். கம்பெனியில் கழிவை அங்கேயே அழித்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், வரிசையில் பதினெட்டுப் பேர் பார்க்க, ஆறு லிட்டரையும் கேட் ஓரமாக மண்ணில் ஊற்றினார்.

“அது கலந்திருந்தா அன்னிக்குப் பால் மொத்தமும் பாழாயிருக்கும்மா.”

“கெட்ட பாலுதான் சார். மடி வீக்கத்துக்கு ஊசி போட்டிருந்தாங்க. சரியாயிருச்சுன்னு கொண்டாந்துட்டேன். தப்பு எம் மேலதான்.”

“எனக்கும் அப்படிப் பால் வரும்” என்றாள் பிலோமி. “வாங்கி உள்ள வச்சிக்குவேன். எல்லாரும் போனப்புறம் எருக்குழியில ஊத்திட்டு, மறுநாள் அவங்ககிட்ட மட்டும் தனியாச் சொல்லுவேன்.”

“இதை ஏன் எனக்குச் சொல்லித் தரல நீங்க?”

“இதைச் சொல்லித் தரணும்னு எனக்குத் தோணவே இல்ல சார். உங்க அப்பாவுக்கு நீங்க பால் ஊத்தலையா?”

ஊற்றியிருந்தார். எரித்த மறுநாள், சாம்பல் மேல், இதே கையால். சோற்றில் இருந்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

“அப்போ அன்னிக்கு உங்க வீட்டுக்காரர்...”

“மூச்சு இழுத்துக்கிட்டுப் படுத்திருந்தாரு. பிழைச்சுக்குவாருன்னுதான் டாக்டர் சொல்லியிருந்தாரு. வரிசையில நின்னவங்க யாரோ எனக்கு முந்தி வந்து சொல்லிட்டாங்க. நான் வெறுங்கேனோட உள்ள வர்றேன், ‘யாருக்குடி பால் ஊத்திட்டாங்க’ன்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல? அதுக்கப்புறம் அவரு கஞ்சியைத் தொடல.”

வெளியே பூண்டுக்கு வந்த கோழியை யாரோ விரட்டினார்கள்.

தணிகாசலத்துக்கு அழுகை முட்டியது. இந்த வீட்டில் உட்கார்ந்து அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. பிலோமி ஏதாவது சொல்வாள் என்று அவளையே பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

தட்டில் பாதிச் சோறு இருந்தது. கையை ஊன்றி எழுந்திருக்கப் போனார்.

மூக்கம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

“சாப்பிட்டுட்டு எந்திரிங்க சார். கீழ கொட்ட எனக்கு மனசு வராது.”