சொந்தக்காரரின் அனுமதி

பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் ஷமீமா டீச்சர் மாலை வேளைகளில் லினக்ஸ் கணினி இயங்குதளம் சொல்லிக்கொடுத்தார். மாணவர்களில் மூத்தவர் ராஜரத்தினம். அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவர். டீச்சருக்கு அவர் மகள் வயது.

அன்று கோப்புகளின் அனுமதி பற்றிய பாடம். படிக்க ஓர் எழுத்து, எழுத ஓர் எழுத்து, இயக்க ஓர் எழுத்து. இந்த மூன்றும் சொந்தக்காரருக்குத் தனி, குழுவுக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி.

எல்லோரும் போனபிறகும் ராஜரத்தினம் எழுந்திருக்கவில்லை. தன் மடிக்கணினியில் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தார்.

"மத்தவங்களுக்கு அனுமதி வேணும், சரி. சொந்தக்காரனுக்கு எதுக்கு டீச்சர்?"

"உங்க கோப்புல என்ன சார் இருக்கு?"

"தவறிப்போன என் மனைவி எழுதின கடிதங்க. கல்யாணமான புதுசுல தூத்துக்குடியில நர்ஸா இருந்தா. நாப்பத்தோரு கடிதம். கம்ப்யூட்டர் வாங்கினதும் நானே அடிச்சு ஏத்திட்டேன்."

"காகிதம் இருக்கா?"

"மழையில நனைஞ்சு ஒட்டிப்போச்சு. இதுல இருக்கேன்னு தூக்கிப் போட்டுட்டேன்." சற்று நிறுத்தினார். "தினம் படிக்கிறேன். ஆனா கொஞ்ச நாளா அவ குரல் கேக்க மாட்டேங்குது."

டீச்சர் தன் கணினியைத் திறந்தார். சில மாதங்களுக்கு முன், முதல் வகுப்பில் நகலெடுக்கக் கற்றுக்கொடுத்தபோது ராஜரத்தினத்தின் கோப்பைத்தான் எடுத்திருந்தார். அது அப்படியே கிடந்தது. இரண்டையும் அருகருகே வைத்தார்.

"உங்களோடத முதல்ல படிங்க சார்."

"'மருத்துவமனை வேப்பமரத்தில் அணில்கள் நிறைய இருக்கின்றன. வேளைக்கு உணவருந்துகிறீர்களா என்பதைத் தவறாமல் எழுதவும்.'"

"இப்ப இது."

"'ஆஸ்பத்திரி வேப்பமரத்துல அணிலு நெறைய இருக்கு. நேரத்துக்கு சாப்டுதீகளா? பொய் சொல்லாம எளுதுங்க.'"



அந்தக் கடிதம் வந்த நாள் ராஜரத்தினத்துக்கு ஞாபகம் வந்தது. அச்சு இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று மூன்று முறை படித்தார். சட்டைப்பையில் வைத்தபோது கையிலிருந்த அச்சு மை கடிதத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அன்று அவர் மதியம் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்டேன் என்றுதான் பதில் எழுதினார்.

"யாரு டீச்சர் இப்படி மாத்தினது?"

ராஜரத்தினம் தன் வலது கையைப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஒரு சொல், ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. திருத்தியதே நினைவில்லாமல் திருத்தியிருந்தார்.

டீச்சர் பழைய நகலை அவர் கணினியில் ஏற்றினார். எழுதும் அனுமதியை மூன்று இடத்திலும் எடுத்துவிடச் சொன்னார். ராஜரத்தினம் கட்டளையை மெதுவாக அடித்தார். பிறகு கோப்பைத் திறந்து படித்தார். 'எளுதுங்க' என்ற இடம் வந்ததும் விரல் தானாக நகர்ந்து 'ளு'வை 'ழு' ஆக்கியது. சேமிக்கப் போனார்.

அனுமதி இல்லை என்றது கணினி.

அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கோப்பின் விவரத்தைப் பார்த்தார்.

"சொந்தக்காரர்னு இன்னும் என் பேருதானே டீச்சர் இருக்கு?"

"கோப்பை உண்டாக்கினவர் பேரைத்தான் சார் அது போடும். கடிதம் எழுதினவங்க பேரு அதுக்குத் தெரியாது."