பிடி போட்டவனுக்குப் பொண்ணு

கண்ணை மூடுட்டி. மூடினாத்தான் சித்தி கதை சொல்லுவேன். நான் சொல்லச் சொல்ல "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டன்னு எந்திரிச்சுப் போயிடுவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு குளம். குளம் இருந்தா கரையில ஒருத்தர் தூண்டில் போட்டு உக்காந்திருக்கணும்லா, அங்கயும் ஒருத்தர் இருந்தாரு. பேரு ஆவுடையப்பன். விடிஞ்சா குளம், அடைஞ்சா வீடு. மீன் வருதோ வரலையோ, அவரு தூண்டில் கம்பு மாதிரி சுத்துப்பட்டுல எவன்கிட்டயும் கெடையாது. கைப்பிடி பூரா தக்கை. பாட்டில் வாயை அடைப்பாங்கள்ல, அமுக்கினா மெத்துமெத்துன்னு இருக்குமே, அந்தத் தக்கைதான். மேலயும் கீழயும் தேக்குல வளையம். ஒருநாள் எலி வந்து கொறுக் கொறுக் கொறுக்குன்னு அந்தப் பிடியைப் பூரா தின்னுடுச்சு.

"ஐயோ பாவம்."

யாரு, எலியா அவரா? நீ ம் மட்டும் கொட்டு.

பொண்டாட்டி செத்தப்போகூட சாயங்காலம் காப்பி குடிச்ச மனுஷன், பிடி போனதுக்குப் பச்சத்தண்ணி குடிக்கலை. அப்புறம் நேரா கோயில் வாசலுக்குப் போனாரு. ஊர்க்காரங்க முன்னாடி கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணினாரு. "தேக்கும் தக்கையுமா புதுப் பிடி செய்யணும். அது என் கைக்குப் பொருந்தணும். பொருந்துச்சுன்னா செஞ்ச ஆளுக்கு என் மக உலகம்மை. ஆனா கடைசல் பட்டறைக்குப் போகக் கூடாது. கட்டில் கால் கடையிற மெஷினுக்கா நான் பொண்ணைக் குடுக்க முடியும்?"

உலகம்மைக்கு ஆத்திரமும் அழுகையும் சேந்து வந்துச்சு. தூண்டில் கம்புக்குப் பிடி போடத் தெரிஞ்ச ஒரே காரணத்துக்காக எவனோ ஒருத்தனுக்கு ஆயுசு பூரா சோறு பொங்கணுமாக்கும்னு நெனைச்சா. சொல்லியும் பாத்தா. "நீ சும்மா இரு, இது உன் விஷயம் இல்லை"ன்னுட்டாரு. அவ கல்யாணம், ஆனா அவ விஷயம் இல்லையாம்.

"ம்."

மொதல்ல வந்தவன் சைக்கிள் கடை நம்பிராஜன். தக்கையை வட்டம் வட்டமா வெட்டி, நடுவுல ஓட்டை போட்டு, ஒரு இரும்புக் கம்பியில கோத்துப் பசை வச்சு ஒட்டினான். சைக்கிளைத் தலைகீழா நிறுத்திச் சுத்திவிட்டு, ஓடுற டயர் மேல கம்பியை வச்சான். கடகடகடகட. கம்பியும் சேந்து சுத்துச்சு. உப்புத்தாள் வச்சுத் தேச்சான். பிடி வழவழன்னு வந்துடுச்சு. அப்போ கம்பியை உருவினாத்தான அந்த ஓட்டையில தூண்டில் கம்பு நுழையும்? வரலை. மெழுகு தடவாம ஒட்டிட்டான், பசை கம்பியையும் சேத்துப் பிடிச்சுக்கிடுச்சு. இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் இவன் தம்பி, இழு இழுன்னு இழுத்தாங்க. ஆவுடையப்பன் வாங்கிப் பாத்துட்டு, "கறி சுட ஆகும்"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு.

அப்புறம் வந்தவன் அத்தை மவன் சுடலைக்கண்ணு. உரிமைப்பட்ட மாப்பிள்ளை, அவன் நடையே வேற. அம்மை தையல் மெஷின் சக்கரத்துல கம்பியைக் கட்டினான். மெழுகும் தடவினான். கட்டக் கட்டக் கட்டக். தேக்கு மேலயும் தக்கை மேலயும் ஒரே உப்புத்தாளை வச்சு அமுக்கினான். தேக்கு அசைஞ்சு குடுக்கலை. தக்கைதான் பாவம், தேஞ்சு தேஞ்சு நடுவுல உடுக்கை மாதிரி ஆயிடுச்சு. அவன் அம்மை விடுவாளா? "எம் மவன் செஞ்சதுல ஒரு கொறையும் இல்லை, அண்ணன் கைதான் கோணல்"னு சண்டைக்கு வந்துட்டா.

தூங்கிட்டியா?

"இல்லை. மூணாவது ஆளு?"

வந்தான், கரண்டு வேலை பாக்குற பால்வண்ணன். செவுத்துல ஓட்டை போடுற மெஷின் இருக்குல்லா, அது வாயில கம்பியைச் சொருகினான். இன்னொரு முனையை எதுலயாவது தாங்கிக் குடுக்கணும்னு அவனுக்குத் தோணலை. ஊரே கூடி நிக்குது. பட்டனை அமுக்கினான். டர்ர்ர்ர்ர். கம்பி வளைஞ்சு ஆடுச்சு. பட், பட், பட்டுன்னு தக்கை வில்லை ஒவ்வொண்ணாப் பறந்து, ஒண்ணு போயி ஆவுடையப்பன் நெத்தியில. பால்வண்ணன் ஓடினவன்தான், மெஷினை எடுக்கக்கூட வரலை.

ஆவுடையப்பன் நெத்தியைத் தடவிக்கிட்டு, அடுத்த ஊருக்கும் ஆள் சொல்லி அனுப்பினாரு. இனி சும்மா இருக்கக் கூடாதுன்னு உலகம்மை நெனைச்சா. எவனாவது ஒருத்தன் தப்பித்தவறி ஒழுங்காச் செஞ்சுடுவானே.

அன்னைக்கு வீட்டுல பிடிகொழுக்கட்டை. மாவைப் பிசைஞ்சு வச்சுட்டு, "அப்பா, கை வலிக்கு. கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க, நல்லா இறுக்கிப் பிடிங்க"ன்னா. அவருக்கும் வேற வேலை இல்லை, பிடிச்சாரு. அவிச்சு எடுத்தா, அதுல அவரு விரலு அஞ்சும் அப்படியே பதிஞ்சிருக்கு. ஒண்ணை மட்டும் எடுத்து ஒளிச்சு வச்சுக்கிட்டா.

அப்புறம் ராத்திரி உக்காந்தா. தேக்கைத் தனியா அரம் வச்சு ராவினா. தக்கையைத் தனியா எடுத்துக்கிட்டா. கம்பிக்கு மெழுகு தேச்சு, தக்கை வில்லையைக் கோத்து ஒட்டினா. கம்பியோட ஒரு முனையை ஜன்னல்ல சொருகி, மறு முனையை முட்டியில தாங்கி, உப்புத்தாளை நீளமாக் கிழிச்சு ரெண்டு கையாலயும் சரக் சரக், சரக் சரக். கொஞ்சம் திருப்புவா, கொழுக்கட்டையைப் பாப்பா, மறுபடியும் சரக் சரக். விரல் தோலு உரிஞ்சு போச்சு. பிடி ஒண்ணும் உருண்டையா வரலை. அவரு கட்டைவிரல் படுக்கிற எடத்துல பள்ளம், சுண்டுவிரல் பக்கம் ஒல்லி.

"ம்..."

காலையில தேக்கையும் தக்கையையும் சேத்துத் தூண்டில் கம்புல மாட்டி வச்சுட்டா. ஆவுடையப்பன் பிடிச்சுப் பாத்தாரு. கண்ணு கலங்கிடுச்சு. "யாருட்டி செஞ்சது? எவனா இருந்தாலும் அவன்தான் என் மாப்பிள்ளை."

"நான்தாம்பா."

ஆவுடையப்பன் நெத்தியைத் தடவினாரு. அப்புறம், "பொட்டப்பிள்ளை செஞ்சா கணக்குல வராது"ன்னாரு.

"செஞ்ச ஆளுக்குன்னுதான கற்பூரத்தை அணைச்சீங்க. நான் செஞ்சேன். என்னை எனக்குக் குடுங்க. இல்லைன்னா பிடியைக் குடுங்க, இன்னைக்கு அடுப்புக்கு வெறகு இல்லை."

ஆவுடையப்பன் மகளைப் பாத்தாரு. கையில இருக்கிற பிடியைப் பாத்தாரு. ரொம்பவெல்லாம் யோசிக்கலை. "நீ உன் இஷ்டப்படி இரு தாயி"ன்னுட்டு, கம்பைத் தூக்கிக்கிட்டு குளத்துக்குப் போயிட்டாரு.

"அப்ப கல்யாணம், சித்தி?"

அது அவ விஷயம்ட்டி, உனக்கென்ன அவசரம். கதை கரை ஏறிடுச்சு, மீனெல்லாம் தூங்கப் போயாச்சு. நீயும் படு.