யானைக் காலடியும் சருகுமான் தட்டலும்

“காவலுக்கு ஆள் வைக்கும்போது முதல்ல…” என்று சருகுமான்களின் பழைய தலைவர் ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறார். மீதி என்னவென்று இப்போதைய தலைவன் சருகனுக்கு நினைவில்லை. ‘முதல்ல விலை பேசு’ என்றாரா, ‘முதல்ல வழியைப் பார்’ என்றாரா? அன்று அவன் பின்வரிசையில் உட்கார்ந்து இலந்தைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தது அவர்கள் காடு. சருகுமானுக்கு முயல் அளவு உடம்பு, குச்சி போன்ற கால்கள். கொம்பு கிடையாது. இருந்த ஒரே பாதுகாப்பு தட்டல்தான். ஆபத்தைக் கண்ட மான் பின்னங்குளம்பால் தரையைப் படபடவென்று தட்டும். அந்த அதிர்வு மண்ணில் பரவும். மற்ற மான்கள் உடனே புதருக்குள் பாய்ந்து மறைந்துவிடும்.

அந்தக் கோடையில் செந்நாய்கள் வந்தன. கூட்டம் கூட்டமாக வந்தன. சருகுமான்கள் ஒரு வாய் இலை கடிக்கும், நான்கு பக்கமும் திரும்பிப் பார்க்கும். வாயில் இருப்பதை மெல்ல மறந்து நிற்கும்.

சருகன் ஏரிக்கு அப்பால் போய், யானைகளின் தலைவன் கருமலையைப் பார்த்தான்.

“அண்ணா, செந்நாய்த் தொல்லை தாங்கல!”

“அட, இதுக்கா இப்படி நடுங்குறே? நான் இருக்கேன் தம்பி! நாளையிலிருந்து என் ஆட்கள் உங்க காட்டைச் சுத்தி நடப்பாங்க. செந்நாயோட வால் நுனிகூட உன் கண்ணுல படாது!”

“பதிலுக்கு உங்களுக்கு என்ன வேணும்?”

“பெருசா ஒண்ணுமில்ல. உங்க காட்டு வழியா இந்த ஏரியிலிருந்து அந்த ஏரிக்கு ஒரு பாதை. நாங்க நடக்கிறதை அந்த மலைப்பக்கத்துக் காட்டெருமைகளும் கொஞ்சம் பார்க்கட்டுமே!”

கடைசியில் சொன்னது சருகனுக்கு உறுத்தியது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தலையாட்டிவிட்டு வந்தான்.

யானைகள் வந்தன. தும், தும், தும்! காடே குலுங்கியது. செந்நாய்கள் விலகி ஓடின.

“இனிமே செந்நாய் வந்தா மூஞ்சியிலேயே உதைப்பேன்!” என்று துள்ளினான் கோரை என்ற இளவட்ட மான்.

“முதல்ல அந்தப் பள்ளத்தைத் தாண்டிக் காட்டுடா!” என்று சிரித்தாள் சருகனின் தங்கை நுணா. அவள் காலடியில் அவளுடைய இரட்டைக் குட்டிகள், தினையும் சாமையும், முட்டி மோதி விளையாடின. வெகு நாளைக்குப் பிறகு நுணா சிரித்தாள்.

செந்நாய்கள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தன. யானை நடந்த இடமெல்லாம் புதர் நசுங்கி வழி திறந்திருந்தது. அவை யானைகளுக்குப் பின்னாலேயே, அந்த வழியிலேயே நடக்கப் பழகிக்கொண்டன.

ஒரு மாலை நுணா தலை நிமிர்ந்தாள். நசுங்கிய புல்லில் ஒரு சிவந்த முதுகு! அவள் தட்டினாள். படபடவென்று தட்டினாள். அதே நேரம் யானைகள் அந்தப் பக்கம் போயின. தும், தும், தும்! சாமை திரும்பிப் பார்க்கவே இல்லை. இலையை மென்றுகொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு தினை மட்டும்தான் இருந்தாள்.

“நான் தட்டினேன் அண்ணே,” என்றாள் நுணா. “குளம்பு பிஞ்சு போற மாதிரி தட்டினேன். யாருக்குமேவா கேட்கல?”

யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் காடே கூடியது. “யானை பத்தல! இன்னும் கூப்பிடணும்!” என்று கத்தினான் கோரை.

“ஆமாம், ஆமாம்!” என்றது கூட்டம்.

கருமலை தன் ஆட்களோடு வந்து துதிக்கையை உயர்த்தினான். “ரெண்டு மடங்கா அனுப்புறேன்! ராத்திரி பகல் பார்க்காம, நிக்காம நடப்பாங்க!”

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். நுணா மட்டும் தினையைத் தன் வயிற்றுக்கடியில் மறைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

சருகன் முன்னால் வந்தான். “அண்ணா, கொஞ்ச நேரம் உங்க ஆட்களை அசையாம நிக்கச் சொல்லுங்க.”

யானைகள் நின்றன. சருகன் பின்னங்காலைத் தூக்கித் தட்டினான்.

அடுத்த நொடி அங்கே சருகனைத் தவிர ஒரு மானைக்கூடக் காணோம்! புதர்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

கருமலை காலைத் தூக்கிப் பார்த்தான். “உள்ளங்காலில் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சே! என்ன அது?”

“அதுதான் நாங்க போடுற கூச்சல்.”

“இத்தனை நாள் எனக்குக் கேட்டதே இல்லையே!”

“நீங்க நடக்க ஆரம்பிச்சதிலிருந்து எங்களுக்கும்தான் அண்ணா.”

கருமலையின் காதுகள் விறைத்தன. “சரி, மெதுவா நடக்கச் சொல்றேன்.”

“மெதுவா நடந்தாலும் நீங்க யானைதானே!”

“அப்போ எங்களைப் போகச் சொல்றியா? காட்டெருமைங்க என்னைப் பார்த்துச் சிரிக்காதா? நாளைக்கே செந்நாய் வந்தா என்ன பண்ணுவே?”

“அண்ணே, பெரிய இடத்தைப் பகைச்சுக்காதீங்க!” என்று புதருக்குள்ளிருந்து கோரை கிசுகிசுத்தான்.

“நீங்க போக வேணாம் அண்ணா,” என்றான் சருகன். “ஏரிக்கரையில நில்லுங்க. சும்மா நில்லுங்க. நாங்க தட்டினா வாங்க.”

“அங்கிருந்து வந்து சேர நேரமாகுமே! அதுக்குள்ள ஒண்ணு ரெண்டு போயிடுமே!”

“தெரியும். ஆனா கேட்டுச்சுன்னா நாங்க ஓடுவோம். ஓடத்தான் எங்களுக்குக் கால் இருக்கு. நீங்க பத்தடி தூரத்துல இருக்கும்போதுதான் சாமை போனா.”

கருமலை துதிக்கையைத் தாழ்த்தினான். நுணா புதரிலிருந்து வெளியே வந்து தினையை ஒருமுறை முகர்ந்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

ஏரிகளுக்கு நடுவே போன பாதையை அன்றே மூடுவதென்றும், கூப்பிடாமல் எந்த யானையும் கரையைத் தாண்டக் கூடாதென்றும் சருகன் முடிவு செய்தான்.

துணை எவ்வளவு பெரியதானாலும், ஆபத்தைக் கேட்கும் நம் காதை அடைத்துவிடும் காவலை ஏற்கக் கூடாது.