ராஜா கேட்ட வெள்ளிக் கை

வெகு காலத்துக்கு முன்னே, கடல் சூழ்ந்த அயர்லாந்திலே, ரூவரி என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நினைத்ததை நினைத்தவுடன் செய்தாக வேண்டும், அப்படியொரு பிடிவாதம். அந்த நாட்டில் தொழிலுக்கென்றே மூன்று தெய்வங்கள் உண்டு. கோவினு இரும்படிப்பார், லுக்தா மரம் இழைப்பார், கிரெட்னே பொன்னும் வெள்ளியும் வார்ப்பார். முன்னொரு ராஜாவுக்குப் போரில் கை போய்விட, கிரெட்னே விரல் மடங்குகிற வெள்ளிக் கை ஒன்று செய்து கொடுத்தாராம்.

இதை ராஜாவின் காதில் போட்டவன் அவர் தம்பி மகன் டோனல். உடனே ராஜாவுக்கும் வெள்ளிக் கை வேண்டும். ஆனால் கோடரி என்றால் பயம். முதலில் வேறு யார் கையையாவது வெட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். டோனலுக்கு மந்திரி பின்டனைக் கண்டாலே ஆகாது. சட்டென்று அவரைக் கைகாட்டினான், பாவி.

சபைக்குக் கட்டை வந்தது, கோடரியும் வந்தது. அழுதால் ராஜாவுக்கு வேடிக்கை. மறுத்தால் கையோடு தலையும் போகும். பின்டன் வலக்கையைக் கட்டைமேல் வைத்தார்.

"மகாராஜா, தெய்வம் செய்கிற கையை உங்களுக்கு முன்னால் நான் போட்டுக்கொள்வது அழகா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. முதல் கை தனக்குத்தான் என்று எழுந்து, சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"அப்படியே ஆகட்டும். ஆனால் அங்கம் குறைந்தவர் சிம்மாசனத்தில் உட்காரக் கூடாது என்பது நம் சட்டம். அந்தப் பழைய ராஜாவும் இறங்கித்தான் நின்றார். கிரெட்னே வரும்வரை இதில் யார் உட்காருவது?" என்று கேட்டார் பின்டன்.

ராஜாவுக்குப் பிள்ளை கிடையாது. அடுத்த வாரிசு டோனல்தான். ராஜா மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"உனக்குத்தான் கிரெட்னேமேல் அத்தனை நம்பிக்கையாயிற்றே. வா, உன் கையை வை" என்றார்.

டோனல் தடாலென்று காலில் விழுந்தான். நாற்காலி ஆசையில்தான் அந்தக் கதையைச் சொன்னேன் என்று எல்லாவற்றையும் கக்கிவிட்டான். அந்தக் கட்டையைத் தலையில் சுமந்தபடியே எல்லை தாண்டிப் போகச் சொல்லி ராஜா அவனை விரட்டினார்.

பிறகு தம் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்கு மாட்டப் போனார். மாட்ட முடியவில்லை, விரல் அப்படி உதறியது. ராஜா கடகடவென்று சிரித்தார்.

"கைதான் தப்பிவிட்டதே, இன்னும் என்ன பயம்?"

"இன்றைக்குத் தப்பியது, மகாராஜா. நாளைக்கு உங்களுக்கு என்ன ஆசை வருமோ என்றுதான் நடுங்குகிறது" என்றார் பின்டன்.

ராஜா சிரிப்பை நிறுத்திவிட்டார்.